ஷிஃப்ட் கிட் போட்ட பிறகு எரியும் எச்சரிக்கை விளக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1993-இல் அறிமுகப்படுத்திய 4எல்60-இ என்னும் நான்கு வேகத் தானியங்கிக் கியர்பாக்ஸைப் பற்றியது இந்தப் பக்கம். சில்வராடோ, டாஹோ, பிளேசர், ஆஸ்ட்ரோ, கமாரோ எனப் பல வண்டிகளில் இது பொருத்தப்பட்டது. அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் இன்றும் ஏராளமாக ஓடுகிறது. இதற்கு வெளிச்சந்தையில் ஷிஃப்ட் கிட் (கியர் மாறும் விதத்தைத் திருத்தும் பாகங்களின் தொகுப்பு) வாங்கித் தாங்களே பொருத்துபவர்களும், சிறு பட்டறையில் கொடுத்துப் பொருத்துபவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம் என்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சொல்லப்படும் கோடு எண்கள் (கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறுக் குறியீடுகள்) 1996 முதல் வந்த, ஓபிடி-2 என்னும் பொதுக் கோளாறறியும் முறை கொண்ட வண்டிகளுக்கு உரியவை.

கிட்டில் இருப்பது ஸ்பிரிங்கும் வால்வும்தானே, கரண்ட் சம்பந்தப்பட்டது எதுவுமே இல்லையே. விளக்கு ஏன் எரிய வேண்டும்?

கிட்டில் மின் பாகம் எதுவும் இல்லை என்பது உண்மைதான். அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்ட் வால்வு, கியர் பிடிக்கும்போது வரும் அதிர்ச்சியைத் தணிக்கும் அக்யுமுலேட்டரின் ஸ்பிரிங்குகள், துளைகளைப் பெரிதாக்குவதற்கான டிரில் பிட், சில கிட்டுகளில் லாக்கப்புக்கான (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்கலின்றி இணைக்கும் பிடிப்புக்கான) வால்வு ஆகியவைதாம் அதில் வரும். ஆனால் அவற்றைப் பொருத்துவதற்காக அடியில் உள்ள ஆயில் பானை (ஆயில் தட்டை) இறக்கி, மின்சாரத்தால் ஆயில் பாதையைத் திறந்து மூடும் சொலினாய்டுகளையும் அழுத்த சுவிட்சையும் உள் வயரிங்கையும் கழற்றி, ஆயிலைப் பங்கிடும் வால்வு பாடியையே கீழே எடுத்திருக்கிறீர்கள். விளக்கு எரிவதற்கான முதல் வழி, கை பட்ட அந்த மின் பாகங்கள்.

இரண்டாவது வழி ஆயிலின் ஓட்டம். இந்தக் கியர்பாக்ஸின் பெரும்பாலான ஆண்டு மாடல்களில் உள்ளீட்டு வேகத்துக்கென்று தனி சென்சார் கிடையாது. எஞ்சின் சுழற்சியையும் வெளியே போகும் தண்டின் வேகத்தையும் ஒப்பிட்டு, முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது 1.00, நான்காவது 0.70 என்ற விகிதங்களோடு பொருத்திப் பார்த்துத்தான் தான் கேட்ட கியர் கிடைத்ததா, எங்காவது வழுக்குகிறதா என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. ஆயில் போகும் பாதையில் நீங்கள் செய்த எந்த மாற்றமும், எந்தத் தவறும், இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். கீழே வரும் எல்லாப் பதில்களிலும் நான் முதலில் பிரித்துப் பார்ப்பது, கோளாறு மின்சுற்றிலா ஆயில் பாதையிலா என்பதைத்தான்.

எரிவது எஞ்சின் விளக்கு. கியர்பாக்ஸ் வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸையும் எஞ்சினையும் ஒரே கம்ப்யூட்டர்தான் கவனிக்கிறது. ஆகவே கியர்பாக்ஸ் கோளாறும் ‘செக் எஞ்சின்’ அல்லது ‘சர்வீஸ் எஞ்சின் சூன்’ விளக்கின் வழியாகவே வெளிப்படும். விளக்கு நிலையாக எரியாமல் மினுக்மினுக்கென்று அடித்தால் அது எஞ்சின் மிஸ்ஃபயர் ஆவதன் அறிகுறி. அதற்குக் கியர்பாக்ஸைத் தேட வேண்டியதில்லை.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடுமே, அது போதாதா?

போதாது. கெடுதலும்கூட. பேட்டரியைக் கழற்றினால் கோடும், கோடு பதிவான கணத்தின் வேகம், வெப்பம், எஞ்சின் சுமை ஆகிய விவரங்களும் சேர்ந்து அழிகின்றன. கோளாறைக் கண்டுபிடிக்க நமக்கு இருக்கும் மிகச் சிறந்த சாட்சியம் அதுதான். மேலும், புகைச் சோதனை கட்டாயமாக உள்ள அமெரிக்க மாநிலங்களில், கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகள் முடியாத நிலையில் வண்டியைக் கொண்டுபோனால் விளக்கு எரியாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் கோடுகளைப் படித்துத் தாளில் எழுதி வையுங்கள். மலிவான கருவிகள் பல, பி0 என்று தொடங்கும் பொதுக் கோடுகளை மட்டுமே காட்டும். பி1810, பி1870 போன்ற தயாரிப்பாளர் கோடுகளையும், லாக்கப் வழுக்கல், ஆயில் வெப்பம், கேட்கப்பட்ட கியர், அழுத்த சொலினாய்டின் ஆம்பியர் ஆகியவற்றையும் காட்டும் ஸ்கேனர் உங்களுக்கு வேண்டும். ஒருநாள் இரவல் வாங்கினாலும் போதும்.

எனக்கு சாவி போட்டவுடனேயே எரிந்தது. நண்பர் வண்டியில் இரண்டு நாள் கழித்துத்தான் எரிந்தது. இரண்டும் ஒன்றுதானா?

பெரும்பாலும் இல்லை. அறுந்த வயர், மாட்டாத கனெக்டர், போன பியூஸ் போன்ற மின்சுற்றுக் கோளாறுகளைக் கம்ப்யூட்டர் சில நொடிகளிலேயே பிடித்துவிடும். வழுக்கல், கிடைக்காத கியர் போன்ற செயல்பாட்டுக் கோளாறுகளைப் பதிவு செய்வதற்கு ஆயில் சூடாக வேண்டும், குறிப்பிட்ட வேகமும் சுமையும் அமைய வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சில கோடுகள் முதல் முறையிலேயே விளக்கை எரியவைக்கும். வேறு சில, அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் சோதனை தோற்றால்தான் எரியவைக்கும். ஆகவே இரண்டாம் நாள் விளக்கு எரிந்தது என்பதால் கோளாறும் இரண்டாம் நாள்தான் தொடங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. அது முதல் நாளே காத்திருப்புக் கோடாகப் பதிவாகியிருக்கலாம். கிட் போட்ட அன்று மாலையே ஒரு முறை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

பி0740, பி0753, பி0758, பி0785, பி1860 என்று ஐந்து கோடுகள் ஒன்றாக வந்திருக்கின்றன. ஐந்து சொலினாய்டும் போய்விட்டனவா?

ஐந்து பாகங்கள் ஒரே நாளில் சேர்ந்து சாவதில்லை. இந்த ஐந்துக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான்: பியூஸ் வழியாக வரும் 12 வோல்ட் இணைப்பு. அது கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள 20 முனைக் கனெக்டரின் ‘இ’ முனை வழியாக உள்ளே போகிறது. பியூஸைப் பாருங்கள். பிறகு அந்தக் கனெக்டரைக் கழற்றி, முனைகள் வளைந்தோ பின்னால் தள்ளப்பட்டோ இருக்கின்றனவா என்று பார்த்து, ‘இ’ முனைக்கு 12 வோல்ட் வருகிறதா என்று அளவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, அழுத்தக் கட்டுப்பாட்டு சொலினாய்டு இந்தப் பொது இணைப்பில் இல்லை என்பது. அதன் இரு வயர்களும் கம்ப்யூட்டருக்கே நேராகப் போகின்றன. ஆகவே அந்த ஐந்தோடு பி0748-உம் சேர்ந்து வந்தால், பியூஸைவிடக் கனெக்டர் சரியாக அமராமையே முதல் சந்தேகம். ஒருவருக்குப் பட்டறையில் ஐந்து சொலினாய்டுகளையும் மாற்றிவிட்ட பிறகுதான் பியூஸ் போயிருந்தது தெரிந்தது. பியூஸைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

ஒரே ஒரு சொலினாய்டு கோடு மட்டும் வந்தால்? பானை மறுபடி இறக்கித்தான் பார்க்க வேண்டுமா?

உடனே இறக்க வேண்டாம். அதே 20 முனைக் கனெக்டரில், கியர்பாக்ஸ் பக்கத்தில் மல்டிமீட்டரை வைத்தே மின்தடையை அளக்கலாம். 1-2 சொலினாய்டுக்கு ‘இ’-க்கும் ‘ஏ’-க்கும் இடையிலும், 2-3 சொலினாய்டுக்கு ‘இ’-க்கும் ‘பி’-க்கும் இடையிலும், சுமார் 20 டிகிரி செல்சியஸில் 19 முதல் 24 ஓம் இருக்க வேண்டும். சூடான நிலையில் இது 31 ஓம் வரை போகலாம். அழுத்த சொலினாய்டுக்கு ‘சி’-க்கும் ‘டி’-க்கும் இடையில் 3 முதல் 5 ஓம்.

முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது அல்லது மாட்டப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் சூடான ஆயிலில் ஊறிய உள் வயரிங்கின் பிளாஸ்டிக் கொக்கிகள் பிஸ்கட் போல உடையும் தன்மைக்கு வந்திருக்கும். கழற்றும்போது உடைந்த கொக்கி, மாட்டிய பிறகு அதிர்வில் நழுவிவிடுவதே நான் அதிகம் கண்ட காரணம். அளவு சரியாக இருந்தால் கோளாறு வெளி வயரிங்கில் இருக்கலாம். புகைக்குழாயை உரசும் இடத்தை முதலில் பாருங்கள்.

பி0753 என்பதற்கும் பி0751, பி0757 போன்றவற்றுக்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் சொலினாய்டு என்றுதான் ஸ்கேனர் காட்டுகிறது.

இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பி0753-உம் பி0758-உம் மின்சுற்றைப் பற்றியவை. முந்தைய பதிலில் சொன்ன அளவீடு அவற்றுக்கானது. பி0751, பி0752, பி0756, பி0757 ஆகியவை செயல்பாட்டைப் பற்றியவை. மின்சாரம் ஒழுங்காகப் போகிறது, ஆனால் கேட்ட கியர் கிடைக்கவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. இங்கே சொலினாய்டை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

எந்தக் கியர் கிடைக்கவில்லை என்பதைக் கோடே சொல்லிவிடும். முதல் கியரில் 1-2, 2-3 ஆகிய இரண்டு சொலினாய்டுகளும் இயங்கும். இரண்டாவதில் 2-3 மட்டும் இயங்கும். மூன்றாவதில் இரண்டும் ஓய்ந்திருக்கும். நான்காவதில் 1-2 மட்டும் இயங்கும். ஆகவே 1-2 வால்வு சிக்கினால் முதல் கியரும் நான்காவது கியரும் போகலாம், அது பி0751. அல்லது இரண்டாவதும் மூன்றாவதும் போகலாம், அது பி0752. 2-3 வால்வு சிக்கினால் முதலாவதும் இரண்டாவதும் போவது பி0756, மூன்றாவதும் நான்காவதும் போவது பி0757.

கிட் போட்டவுடன் இவை வந்தால் நான் தேடும் வரிசை இது. முதலாவது, வால்வு பாடிக்கும் கியர்பாக்ஸின் கூடான கேஸுக்கும் இடையிலுள்ள செப்பரேட்டர் பிளேட்டைத் துளையிட்டபோது உண்டான இரும்புச் சுருள் ஏதேனும் வால்வுக்குள் போய் அதை நகரவிடாமல் பிடித்திருக்கிறதா என்பது. பிளேட்டைத் தனியே எடுத்துத் துளையிட்டு, இரு பக்கமும் பிசிறு தட்டிக் கழுவியிராவிட்டால் இது நடக்கும். இரண்டாவது, இரு கேஸ்கெட்டுகளும் இடம் மாறியிருப்பது. ‘சி’ முத்திரை உள்ளது கேஸ் பக்கத்துக்கும், ‘வி’ முத்திரை உள்ளது வால்வு பாடி பக்கத்துக்கும் உரியவை. மூன்றாவது, ஆயிலை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு குண்டுகளான செக் பால்கள். எந்தக் குழியில் பால் வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். கிட்டோடு வந்த தாளைத் தவிர வேறு படத்தைப் பார்த்து மாட்டியிருந்தால் அதைச் சரிபாருங்கள். நான்காவது, போல்ட்டுகளின் இறுக்கம். வால்வு பாடி போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர் போதும். கைக்கணக்கில் கூடுதலாக இறுக்கினால் வார்ப்பு அலுமினியம் சற்றே நெளிந்து, நல்ல வால்வும் சிக்கும்.

பி1810 வந்திருக்கிறது. வண்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

வேண்டாம். வால்வு பாடியின் மேல் பொருத்தப்பட்டிருக்கும் அழுத்த சுவிட்சுத் தொகுதியைப் பற்றியது இது. அதில் ஐந்து சிறு அழுத்த சுவிட்சுகள் இருக்கின்றன. அவை தரும் தகவலைக் கொண்டுதான் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் அறிகிறது. திரும்ப மாட்டும்போது அதன் ஓ-ரிங் ஒன்று மடிந்தாலும் நசுங்கினாலும் அந்தச் சுவிட்சு பொய் சொல்லத் தொடங்கும். ஆயில் குறைந்தாலும் இதே கோடு வரும் என்பதால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டு லீவரை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, ஸ்கேனரில் அதே நிலை தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு நிலை மட்டும் தவறினால் சுவிட்சு அல்லது ஓ-ரிங். எல்லாமே குழம்பியிருந்து ரிவர்ஸும் ஒழுங்காக விழாவிட்டால், வால்வு பாடியை ஏற்றும்போது மேனுவல் வால்வை லீவரின் உள் கையோடு இணைக்கத் தவறியிருப்பீர்கள். இதற்குப் பானை இறக்கியே ஆக வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

பி1870-ஐப் போக்கத்தான் கிட்டே வாங்கினேன். போட்டு ஒரு வாரத்தில் அதே கோடு திரும்ப வந்துவிட்டது. கிட் மோசமா?

கிட்டைக் குறை சொல்வதற்கு முன் நோயைப் பார்க்க வேண்டும். லாக்கப்பை மெதுவாகப் பிடிக்க வைப்பதற்காக 1995 முதல் துடிப்பு முறையில் இயங்கும் சொலினாய்டு ஒன்று சேர்க்கப்பட்டது. அதற்குக் கட்டுப்பட்ட ரெகுலேட்டர் வால்வு ஓயாமல் முன்னும் பின்னும் அதிர்ந்து, தான் நகரும் அலுமினியத் துளையைத் தேய்த்துவிடுகிறது. தேய்ந்த இடைவெளியில் ஆயில் கசிவதால் லாக்கப் கிளட்ச் அழுத்தம் போதாமல் வழுக்குகிறது. அதைத்தான் பி1870 என்று கம்ப்யூட்டர் பதிவு செய்கிறது.

எல்லாக் கிட்டுகளும் இதைச் சரிசெய்வதில்லை. கியர் மாற்றத்தை மட்டும் இறுக்கமாக்கும் கிட் ஒருவகை. லாக்கப்பை முழுமையாகப் பிடி, முழுமையாக விடு என்று மாற்றி அந்த வால்வின் அதிர்வை நிறுத்தும் கிட் வேறுவகை. முன்னதை வாங்கியிருந்தால் கோடு திரும்புவதில் வியப்பில்லை. பின்னதை வாங்கியும் திரும்பினால், துளை அளவுக்கு மீறித் தேய்ந்திருக்கலாம். அதற்குத் துளையை ரீமரால் அகலப்படுத்திப் பெரிய வால்வு போடவேண்டும் அல்லது வால்வு பாடியை மாற்றவேண்டும். எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச் ஏற்கெனவே கருகியிருந்தாலும், உள்ளீட்டுத் தண்டின் முனையில் உள்ள ஓ-ரிங் போயிருந்தாலும், வால்வு பாடியில் நீங்கள் எதைச் செய்தாலும் வழுக்கல் நிற்காது. பல மாதங்கள் இந்தக் கோடோடு ஓடிய வண்டியென்றால் நான் கன்வர்ட்டரைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

கிட் போட்டதிலிருந்து ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது பின்னாலிருந்து இடித்தாற்போல் இருக்கிறது. கிட்டின் ஸ்பிரிங்கை மாற்றிவிடட்டுமா?

விளக்கு எரியும் நிலையில் கியர் மாற்றத்தை வைத்துக் கிட்டை மதிப்பிடாதீர்கள். பி1870 பதிவானதும் கம்ப்யூட்டர் லாக்கப்பை நிறுத்தி, தான் கற்றுவைத்த அழுத்தத் திருத்தங்களையும் உறையவைத்து, ஆயில் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறது. கிளட்சுகளைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. அழுத்த சொலினாய்டு மின்சாரம் இல்லாமல் போனாலும் இதே உச்ச அழுத்தம்தான். பூஸ்ட் வால்வோடு சேர்ந்த உச்ச அழுத்தம் இடிக்காமல் என்ன செய்யும்?

ஸ்கேனரில் அழுத்த சொலினாய்டின் ஆம்பியரைப் பாருங்கள். இதில் கணக்கு தலைகீழ்: சுமார் 1.1 ஆம்பியர் என்றால் குறைந்த அழுத்தம், சுழியம் என்றால் உச்ச அழுத்தம். மிதமான வேகத்தில் மெதுவாக ஓட்டும்போதும் சுழியத்திலேயே நின்றால் இடிப்பது கம்ப்யூட்டரின் ஏற்பாடு. கோளாறைத் தீர்த்துக் கோடை அழித்த பிறகும் இடித்தால்தான் ஸ்பிரிங்கையும் துளை அளவையும் பற்றிப் பேச வேண்டும். தாளில் சொன்னதைவிடப் பெரிய டிரில் பிட்டால் துளையிட்டிருந்தால் அந்தப் பிளேட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சிக்னலில் நிறுத்தும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. கோடு பி0742.

லாக்கப் விடுபடாமல் பிடித்தபடியே நிற்கிறது. கிளட்சை மிதிக்காமல் நிறுத்திய வண்டி போல எஞ்சின் திணறி அணைகிறது. லாக்கப் வால்வை மாற்றும் கிட் போட்டவுடன் இது வந்தால், அந்த வால்வின் வரிசையும் திசையும் தாளில் உள்ளபடி இருக்கின்றனவா என்பதையும், பம்பில் மாட்டும் லாக்கப் சொலினாய்டு அழுக்கால் சிக்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு நேர் எதிர் பி0741. அதில் லாக்கப் பிடிக்கவே பிடிக்காது. அதற்கான காரணங்கள் பி1870-க்குச் சொன்னவைதாம். கூடுதலாக, அதே சொலினாய்டின் ஓ-ரிங்கையும் பாருங்கள்.

ஆயில் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று ஸ்கேனர் காட்டுகிறது. துபாய் வெயிலில் இது எப்படி?

சுற்று அறுந்திருக்கிறது என்று பொருள். வெப்ப சென்சார் தனியாக இல்லை. பி1810 பதிலில் சொன்ன அழுத்த சுவிட்சுத் தொகுதிக்குள்ளேயே அது இருக்கிறது. ஆகவே வெப்பக் கோடும் பி1810-உம் சேர்ந்து வந்தால் இரண்டு கோளாறுகளைத் தேடாமல், அந்த ஒரு தொகுதியின் கனெக்டரைப் பாருங்கள்.

உண்மையிலேயே வெப்பம் ஏறுவது வேறு. வழக்கமான ஓட்டத்தில் ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருப்பது நல்லது. லாக்கப் நின்றுபோன வண்டியில் கன்வர்ட்டர் ஓயாமல் ஆயிலைக் கடைவதால் சூடு ஏறும். பானை இறக்கிய வேலைக்குச் சுமார் 4.7 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கும். ஆனால் அந்த எண்ணை நம்பி நிறுத்திவிடாமல், சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ‘பார்க்’ நிலையில், ஆயில் சூடான பிறகு அளவுகோலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஸ்பீடோமீட்டர் முள் நகரவே இல்லை.

வேக சென்சாரின் கனெக்டரை மாட்டவில்லை. இரு சக்கர இயக்க வண்டியில் அது கியர்பாக்ஸின் வால் பகுதியிலும், நான்கு சக்கர இயக்க வண்டியில், முன் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் இருக்கும்.

குளிரில் எல்லாம் சரியாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டிய பிறகுதான் விளக்கு எரிகிறது. அளந்தால் எல்லா ஓமும் சரி.

குளிர்ந்த வண்டியில் அளந்ததால்தான் சரியாக இருக்கிறது. சொலினாய்டின் கம்பிச்சுருளில் உள்ள வெடிப்பு, சூட்டில் விரிந்தால்தான் திறந்துகொள்ளும். ஆகவே வண்டியைச் சூடாக்கி நிறுத்தியவுடன், ஆறுவதற்குள் மறுபடி அளந்து பாருங்கள்.

சூட்டிலும் அளவுகள் சரியென்றால் கோளாறு ஆயில் பாதையில்தான். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த துளையில்கூட அதிகம் கசியாது. சூடேறி இளகியதும் அதே இடைவெளியில் தாராளமாக ஒழுகும். லாக்கப் ரெகுலேட்டர் மட்டுமல்லாமல், சொலினாய்டுகளுக்கு ஆயில் தரும் ஆக்சுவேட்டர் ஃபீட் லிமிட் வால்வின் துளையும் தேய்வது உண்டு. அது தேய்ந்தால் கியர் கோடுகளும் அழுத்தக் குழப்பமும் மாறிமாறி வரும். வால்வு பாடியை மேசையில் வைத்து வெற்றிடச் சோதனை செய்யும் பட்டறையில் காட்டினால் எந்தத் துளை கசிகிறது என்பது தெரிந்துவிடும்.

டியூனர் ஒருவர் லேப்டாப்பிலேயே அந்தக் கோடை அணைத்துவிடுவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

லாக்கப்பை முழுப்பிடியாக மாற்றும் கிட்டுக்கு ஏற்பத் துடிப்புக் கட்டுப்பாட்டையும் அழுத்த அட்டவணையையும் திருத்தித் தருகிறார் என்றால் அது நியாயமான வேலை. பி1870 அல்லது பி0757 வராதபடி வாயைக் கட்டிவிடுகிறார் என்றால் மறுத்துவிடுங்கள். வழுக்கல் தொடர்ந்துகொண்டே இருக்கும், கிளட்சைக் காப்பாற்றும் உச்ச அழுத்தம் மட்டும் இல்லாமல் போகும்.

கோளாறைச் சரிசெய்துவிட்டேன், கோடை அழிக்கவில்லை. விளக்கு தானாக அணையுமா?

அணையும். அந்தச் சோதனை அடுத்தடுத்த மூன்று பயணங்களில் தேறினால் விளக்கு அணைந்துவிடும். கோடு நினைவிலிருந்து நீங்குவதற்கு, கோளாறின்றி எஞ்சின் 40 முறை குளிர்ந்து சூடாக வேண்டும்.

எந்த நிலையில் ஓட்டுவதையே நிறுத்த வேண்டும்?

மூன்றாவது கியரிலேயே கிளம்பினால் மின்சாரம் இழந்த அவசர நிலை அது. மெதுவாக வீடு வரை ஓட்டி வரலாம். மூன்றிலோ நான்கிலோ எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டாலோ, ஆயிலில் கருகல் நாற்றம் வந்தாலோ, அங்கேயே நிறுத்தி வண்டியை ஏற்றிச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். இந்தக் கியர்பாக்ஸில் மூன்றாவது, நான்காவது கியர்களைப் பிடிக்கும் 3-4 கிளட்சுதான் முதலில் எரியும் பாகம்.

பிறகு பானை இறக்கி, அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம். பளபளக்கும் சிறு இரும்புச் சுருள்கள் ஒட்டியிருந்தால் அவை நீங்கள் பிளேட்டைத் துளையிட்டபோது விழுந்தவை. வால்வு பாடியைப் பிரித்துக் கழுவினால் வண்டி மீண்டுவிட நல்ல வாய்ப்பு உண்டு. பானின் அடியில் கறுத்த கிளட்சுத் துகள்களோ, காந்தத்தில் ஒட்டாத பித்தளைத் துணுக்குகளோ கிடந்தால், கிட்டையும் கோடு எண்களையும் பற்றிய ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸை இறக்கி முழுமையாகப் புதுப்பிக்கும் செலவுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.